மா பார்க்கர்

மா பார்க்கர் எனப் பரவலாக அறியப்படும் கேட் பார்க்கர் (அக்டோபர் 8, 1873 – ஜனவரி 16, 1935), 1930களின் முற்பகுதியில் ஐக்கிய அமெரிக்காவில் வங்கிக் கொள்ளை, ஆட்கடத்தல், கொலை ஆகிய குற்றங்களில் ஈடுபட்ட பார்க்கர்-கார்ப்பிஸ் கும்பலைச் சேர்ந்த உடன்பிறந்தோரின் தாய் ஆவார். மா என்பது அமெரிக்கப் பேச்சுவழக்கில் அம்மாவைக் குறிக்கும். புளோரிடா மாநிலத்தின் ஓக்லவாஹா என்னும் சிற்றூரில் கூட்டரசுப் புலனாய்வு அதிகாரிகள் நடத்திய முற்றுகையில் இவரும் இவரது மகன் பிரெட்டும் இறந்தனர். இறந்த பின்னர் இவர் கும்பலின் மூளையாகச் சித்தரிக்கப்பட்டார். எனினும் தம் வாழ்நாளில் எந்தக் குற்றத்துக்காகவும் இவர் நீதிமன்றத்தால் தண்டிக்கப்படவில்லை.

இளமையும் குடும்பமும்

இவர் மிசூரி மாநிலத்தின் ஆஷ் குரோவ் என்னும் சிற்றூரில் பிறந்தார். இயற்பெயர் அரிசோனா டோனி கிளார்க். உறவினர் இவரை ஆரி என அழைத்தனர். பின்னாளில் கேட் என்ற பெயரை வைத்துக்கொண்டார். 1892 இல் ஜார்ஜ் பார்க்கர் என்பவரை மணந்தார். ஹெர்மன் (பி. 1893), லாயிட் (பி. 1897), டாக் என்னும் பட்டப்பெயர் கொண்ட ஆர்தர் (பி. 1899), பிரெட் (பி. 1901) என நான்கு மகன்கள் பிறந்தனர். நிலையான வருமானம் இல்லாத இக்குடும்பம் மிசூரியின் அரோரா, வெப் சிட்டி ஆகிய சிறு நகரங்களிலும், பின்னர் ஓக்லஹோமாவின் டல்சா நகரிலும் வாழ்ந்தது.

மகன்களின் குற்றங்கள்

நான்கு மகன்களும் இளம் வயதிலேயே திருட்டிலும் வழிப்பறியிலும் ஈடுபட்டனர். மூத்தவரான ஹெர்மன் 1910 இல் வெப் சிட்டியில் கைது செய்யப்பட்டார். அஞ்சல் கொள்ளை வழக்கில் லாயிடுக்கு 1922 இல் 25 ஆண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது. டல்சாவில் இரவுக் காவலாளி ஒருவரைக் கொன்ற வழக்கில் ஆர்தர் ஆயுள் தண்டனை பெற்றார். பிரெட் கன்சாஸ் மாநிலச் சிறையில் அடைக்கப்பட்டார். 1927 ஆகஸ்ட் மாதம் விச்சிட்டா நகரில் காவலர் ஒருவரைச் சுட்டுக்கொன்ற ஹெர்மன், படுகாயமுற்ற நிலையில் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டு இறந்தார்.

இதே காலகட்டத்தில் கேட் தம் கணவரைப் பிரிந்தார். ஒரு மகன் இறந்துவிட, மற்ற மூவரும் சிறையில் இருக்க, டல்சாவில் வறுமையில் வாழ்ந்தார். பின்னர் ஆர்தர் டன்லப் என்பவருடன் வாழத் தொடங்கினார். மகன்களை விடுவிக்கக் கோரி அதிகாரிகளிடம் தொடர்ந்து முறையிட்டு வந்தார்.

பார்க்கர்-கார்ப்பிஸ் கும்பல்

பிரெட் சிறையில் ஆல்வின் கார்ப்பிஸ் என்பவருடன் நட்புக் கொண்டார். 1931 இல் விடுதலையான இருவரும் சேர்ந்து கொள்ளையடிக்கத் தொடங்கினர். அவ்வாண்டு டிசம்பர் 19 அன்று மிசூரியின் வெஸ்ட் பிளெயின்ஸ் நகரில் மாவட்டக் காவல் தலைவரான ஷெரிப் ராய் கெல்லி சுட்டுக்கொல்லப்பட்டார். இக்கொலை தொடர்பாக வெளியிடப்பட்ட அறிவிப்பில் பிரெட், கார்ப்பிஸ் ஆகியோருடன் கேட், டன்லப் ஆகியோரைப் பிடிக்கவும் தலா 100 டாலர் வெகுமதி அறிவிக்கப்பட்டது. அன்று முதல் கேட்டும் தலைமறைவாக வாழ்ந்தார்.

குடும்பம் மினசோட்டா மாநிலத்தின் செயின்ட் பால் நகருக்குச் சென்றது. அந்நகரக் காவல்துறையில் சிலர் பணம் பெற்றுக்கொண்டு குற்றவாளிகளுக்குப் பாதுகாப்பு அளித்துவந்தனர். 1932 ஏப்ரலில், தகவல் கசியவிட்டதாக ஐயுற்ற கும்பல் டன்லப்பைக் கொன்றது. அதே ஆண்டு ஆர்தர் சிறையிலிருந்து விடுதலையாகித் தம்பியுடன் சேர்ந்தார்.

கும்பலுக்குப் பெரும் பணம் ஈட்டித் தந்தவை இரு ஆட்கடத்தல்கள் ஆகும். 1933 ஜூன் மாதம் செயின்ட் பால் நகரின் பீர் ஆலை அதிபர் வில்லியம் ஹாம் கடத்தப்பட்டு, 1,00,000 டாலர் பெறப்பட்ட பின் விடுவிக்கப்பட்டார். 1934 ஜனவரியில் வங்கியாளர் எட்வர்ட் பிரெமர் கடத்தப்பட்டார். அவருக்காக 2,00,000 டாலர் பெறப்பட்டது. இரண்டாம் கடத்தலின்போது கைவிடப்பட்ட பெட்ரோல் தகரத்தில் ஆர்தரின் கைரேகை கிடைத்தது. இதனைத் தொடர்ந்து கும்பலைத் தேடும் பணி நாடெங்கும் தீவிரமடைந்தது.

இறப்பு

1935 ஜனவரி 8 அன்று சிகாகோவில் ஆர்தர் கைது செய்யப்பட்டார். அவரது இருப்பிடத்தில் கிடைத்த புளோரிடா வரைபடத்தைக் கொண்டு அதிகாரிகள் ஓக்லவாஹாவை அடைந்தனர். அங்கு வெயர் ஏரிக்கரையில் கேட்டும் பிரெட்டும் பொய்ப்பெயரில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துத் தங்கியிருந்தனர்.

ஜனவரி 16 அதிகாலையில் அதிகாரிகள் வீட்டைச் சூழ்ந்து சரணடையுமாறு கூறினர். அதன்பின் மூண்ட துப்பாக்கிச் சண்டை சில மணி நேரம் நீடித்தது. வீட்டினுள் அமைதி நிலவிய பின்னரும் அதிகாரிகள் தாமே நுழையாமல், அங்கு வேலை செய்துவந்த கறுப்பினப் பணியாளரை முதலில் உள்ளே அனுப்பினர். மாடி அறையில் தாயும் மகனும் இறந்து கிடப்பதை அவரே கண்டறிந்தார். அப்போது கேட்டின் வயது 61.

இருவரின் உடல்களும் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன. பல மாதங்களுக்குப் பின் 1935 அக்டோபரில், ஓக்லஹோமாவின் வெல்ச் என்னும் ஊரில் ஹெர்மனின் கல்லறைக்கு அருகே அவை அடக்கம் செய்யப்பட்டன.

தலைமை குறித்த சர்ச்சை

அந்த ஆண்டின் ஜூலை மாதத்தில் எஃப்.பி.ஐ. எனப் பெயர் மாற்றம் பெற்ற புலனாய்வு அமைப்பின் இயக்குநர் ஜே. எட்கர் ஹூவர், கேட்டை நாட்டின் மிகக் கொடிய குற்றவாளிகளுள் ஒருவராகவும், மகன்களைக் குற்றத்தில் பயிற்றுவித்தவராகவும் வருணித்தார். இறக்கும்போது அவரருகே இயந்திரத் துப்பாக்கி இருந்ததாகவும் கூறப்பட்டது.

கும்பலை அறிந்தவர்கள் இதனை மறுத்தனர். 1936 இல் கைதாகி 1969 இல் விடுதலையான கார்ப்பிஸ், 1971 இல் வெளியான தன் வரலாற்று நூலில், கேட் கொள்ளைத் திட்டங்களில் பங்கு பெற்றதே இல்லை எனக் குறிப்பிட்டார். திட்டமிடும் நேரங்களில் அவரைத் திரைப்படம் பார்க்க அனுப்பிவிடுவது வழக்கம் என்றும், மகன்களுடன் வயதான தாய் இருப்பது அண்டை வீட்டாரின் ஐயத்தைத் தவிர்க்க உதவியது என்றும் அவர் விளக்கினார். வங்கிக் கொள்ளையர் ஹார்வி பெய்லியும் கேட்டுக்குத் திட்டமிடும் திறன் இல்லை என்றே கூறினார். விசாரணையின்றி ஒரு முதிய பெண் கொல்லப்பட்டதை நியாயப்படுத்தவே தலைவி என்னும் சித்திரம் உருவாக்கப்பட்டது என்பது கார்ப்பிஸின் வாதம்.

கார்ப்பிஸ் அக்கும்பலின் முதன்மைக் குற்றவாளி என்பதால் அவரது கூற்றையும் முழுமையான சான்றாகக் கொள்ள இயலாது. ஆயினும் பிற்கால ஆய்வாளர் பலர், கேட் மகன்களின் குற்றங்களை அறிந்திருந்தார், அப்பணத்தில் வாழ்ந்தார், அவர்கள் மறைந்து வாழத் துணைநின்றார், ஆனால் கும்பலை வழிநடத்தியதற்குச் சான்று இல்லை என்னும் முடிவுக்கே வந்துள்ளனர்.

எஞ்சிய மகன்கள்

ஆர்தர் 1939 ஜனவரியில் அல்காட்ராஸ் சிறையிலிருந்து தப்ப முயன்றபோது சுட்டுக்கொல்லப்பட்டார். லாயிட் 1938 இல் விடுதலையாகி, இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கப் படையில் சமையற்காரராகப் பணியாற்றினார். 1949 இல் அவர் தம் மனைவியால் கொல்லப்பட்டார்.

பண்பாட்டில்

ஹூவர் அளித்த சித்திரமே மக்களிடையே நிலைத்தது. 1970 இல் ரோஜர் கோர்மன் இயக்கிய பிளடி மாமா என்னும் திரைப்படத்தில் ஷெல்லி விண்டர்ஸ் கேட்டாக நடித்தார். இளம் ராபர்ட் டி நீரோ லாயிடாகத் தோன்றினார். 1977 இல் போனி எம் இசைக்குழு, பெயரைச் சற்று மாற்றி, மா பேக்கர் என்னும் புகழ்பெற்ற பாடலை வெளியிட்டது. ஓக்லவாஹாவில் முற்றுகைக்கு உள்ளான வீடு 2016 இல் ஏரி வழியாக மிதக்கவிடப்பட்டு, எதிர்க்கரையில் உள்ள பூங்காவிற்கு மாற்றப்பட்டுப் பாதுகாக்கப்படுகிறது.