மடக்கை தந்த மாமேதை

தமிழும் மலையாளமும் கலந்து வழங்கும் எல்லையூர் காரக்கோணம் என் ஊர். சொல்லை மொழி மாற்றியே வளர்ந்த எனக்கு அலகு மாற்றம் புதிதன்று. தொலைபேசிப் பாடத்தில் நேப்பரை டெசிபெலாக மாற்றும்போது, நேப்பர் யாரெனத் தேடினேன்.

ஸ்காட்லாந்தில் 1550-இல் பிறந்தவர் ஜான் நேப்பியர். பெரும் பெருக்கல்களில் வானநூலார் படும் பாட்டைக் கண்டார். இருபது ஆண்டுகள் உழைத்தார். 1614-இல் மடக்கை அட்டவணையை வெளியிட்டார். பெருக்கல் கூட்டலாயிற்று! அதன்பின் அவர் வாழ்ந்தது மூன்றே ஆண்டுகள்; 1617-இல் மறைந்தார்.

தொலைபேசியை அவர் அறியார். எனினும், கம்பியில் குரல் தேயும் அளவுக்கு ஐரோப்பியப் பொறியாளர் அவர் பெயரையே இட்டனர். அமெரிக்கரோ பெல்லின் பெயரால் டெசிபெல் என்றனர். ஒரு நேப்பர் ஏறத்தாழ 8.686 டெசிபெல். எந்த அலகாயினும், கம்பிதோறும் நேரும் தேய்வைப் பெருக்க வேண்டா, கூட்டினாற் போதும்.

தோழர்களே, பிறர் உழைப்பைக் குறைக்கத் தம் ஆயுளைத் தேய்த்தவர் அவர். அலகு பழையதாகலாம், அந்த உழைப்பு பழையதாகுமோ?