தோள்மேல் ஏறிய மலை

பி.எஸ்ஸி. இயற்பியல், இரண்டாம் ஆண்டு

தாராசிங்கை அறியாதார் நம் நாட்டில் குறைவு. இராமாயணத் தொலைக்காட்சித் தொடரில் அனுமனாக வந்தார். 2003இல் மாநிலங்களவை உறுப்பினரும் ஆனார். அவரிடம் தோற்றுத் தோற்றே அவரை மாவீரராக்கிய ஒருவர் இருந்தார். கிங்காங் என்ற அவருடைய பட்டப்பெயர் மட்டுமே நம் நாவில் தங்கியிருக்கிறது. அந்த மனிதரின் வாழ்வையே நான் இங்கு எழுத எடுத்துக்கொண்டேன்.

அவருடைய இயற்பெயர் எமில் சாயா. 1909ஆம் ஆண்டு பிராஸோ நகரில் பிறந்தார். அன்று ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசுக்கு உட்பட்டிருந்த அந்நகரம் இன்று ருமேனியாவில் உள்ளது. மல்யுத்தம் அவரைக் கீழ்த்திசைக்குக் கொண்டுவந்தது. 1933இல் வெளிவந்த அமெரிக்கத் திரைப்படத்து ராட்சதக் குரங்கின் பெயரே அவருக்கு மேடைப்பெயர் ஆயிற்று. ஏறத்தாழ 180 கிலோ எடை. பீப்பாய் போன்ற உடல். சிங்கப்பூரைத் தம் ஊராக்கிக்கொண்டார். அங்கே கேலாங் பகுதியில் இருந்த 'ஹேப்பி வேர்ல்டு' கேளிக்கைப் பூங்காவில் சீனர், மலாய்க்காரர், தமிழர், சீக்கியர் என எல்லா இனத்தாரும் மல்யுத்தம் காணக் கூடுவார்கள்.

அவர் செய்த தொழில் விந்தையானது. எந்த நாட்டுக்குப் போனாலும் அந்நாட்டு வீரனிடம் அடிபட்டு விழவேண்டும்! 1955 நவம்பரில் டோக்கியோவில் ரிக்கிடோசானிடம் ஆசிய வாகையர் பட்டத்தை இழந்தார். உலகப் போரில் தோற்றுத் துவண்டிருந்த ஜப்பானியருக்கு, தம்மினும் பருத்த அயலானை ஒருவன் வீழ்த்தும் காட்சி மருந்தாக இருந்தது. (அந்த ரிக்கிடோசான் பிறந்தது கொரியாவில் என்பது வேறு கதை.) இந்தியாவில் அதே வேடத்துக்குத் தாராசிங் எதிரே நின்றார். வெள்ளையர் ஆட்சி நீங்கிச் சில ஆண்டுகளே ஆன காலம். நம் மக்களின் ஆரவாரத்துக்குக் காரணம் சொல்லவும் வேண்டுமோ?

இவையெல்லாம் முன்கூட்டியே பேசிவைத்த ஆட்டங்கள்தாமே என்று நண்பர்கள் இகழ்வதுண்டு. தொழில்முறை மல்யுத்தம் பேசிவைத்து ஆடுவது என்பது உண்மையே. ஆனால் பேசிவைக்காத சண்டை எப்படி இருக்கும் என்றும் பார்க்கவேண்டும். 1910இல் இலண்டனில் நம் காமா பயில்வானும் போலந்து நாட்டு ஸ்பிஸ்கோவும் மோதினர். காமாவைவிடக் கனத்த ஸ்பிஸ்கோ தரையோடு தரையாகப் படுத்துவிட்டார். இரண்டரை மணி நேரத்துக்கு மேல் அவரைப் புரட்டவே முடியவில்லை. முடிவின்றிக் கலைந்தது பந்தயம். 1928இல் பாட்டியாலாவில் மீண்டும் சந்தித்தபோது ஒரு நிமிடத்துக்குள் காமா வென்றார். முதலாவதில் பார்த்தவர்களுக்கு அலுப்பு. இரண்டாவதில் கண்ணிமைத்தவர்களுக்கு ஏமாற்றம். மெலிந்தவன் தவித்து, தாங்கி, மெல்ல எழுந்து, கடைசியில் வெல்லும் கதையை உண்மைச் சண்டை தருவதில்லை. அந்தக் கதைக்காகத்தான் சனங்கள் சீட்டு வாங்கினார்கள்.

இனி என் பாடத்துக்கு வருகிறேன். தாராசிங் கிங்காங்கைத் தலைக்கு மேல் தூக்கிச் சுழற்றி எறிந்த காட்சியைப் பற்றிப் பெரியவர்கள் இன்றும் பேசுகிறார்கள். 180 கிலோவை இரண்டு மீட்டர் உயர்த்த ஏறத்தாழ 3,500 ஜூல் வேலை செய்யவேண்டும். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் பால் ஆண்டர்சன் தங்கம் வென்றபோது தலைக்கு மேல் தூக்கிய அதிக எடையே 187.5 கிலோதான். அதுவும் இரும்புத் தண்டு. பிடிக்க இடம் உண்டு, அது துள்ளாது. மனித உடலுக்குப் பிடி ஏது? சிறிது நெளிந்தாலும் ஈர்ப்பு மையம் நகர்ந்துவிடும், தூக்கியவன் நிலைகுலைவான்.

என் தந்தையார் அரிசி மண்டியில் மூட்டை தூக்குபவர். இந்தக் கணக்கை அவரிடம் சொன்னேன். அவர் வியக்கவே இல்லை. மூட்டையைத் தோளில் ஏற்றிவிடுகிறவன் நேரம் பார்த்து ஓர் உந்து கொடுக்காவிட்டால் சுமப்பவனின் இடுப்பு போய்விடும் என்றும், தூக்கப்பட்டவனும் உடன் தூக்கியிருப்பான் என்றும் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார். எந்தப் பாடநூலும் இதைவிடத் தெளிவாகச் சொல்லாது.

ஆகவே என் கருத்து இது: தாராசிங்கின் வலிமை பொய்யன்று, 130 கிலோ உடலும் அக்காடாவில் பெற்ற பயிற்சியும் மெய். ஆயினும் அந்தத் தூக்கலில் பாதி கிங்காங்கினுடையது. காலால் உந்தவேண்டும், மேலே போனதும் கட்டைபோல் விறைக்கவேண்டும், கீழே விழும்போது முதுகைப் பரப்பி விழவேண்டும். நாற்பது வயதைத் தாண்டிய 180 கிலோ உடல் விழுகிற விழுகை நடிப்பாகாது. எலும்புக்கு அது தெரியும். இத்தனையும் செய்துவிட்டு, கூட்டத்தின் வசவையும் வாங்கிக்கொண்டு அடுத்த ஊருக்குப் புறப்படுவார்.

1970இல் ஒரு கார் விபத்தில் அவருக்குப் பலத்த அடிபட்டது. அவ்வாண்டு மே மாதம் சிங்கப்பூரில் காலமானார். தாராசிங் அதன்பின் நாற்பத்திரண்டு ஆண்டுகள் வாழ்ந்து, 2012இல் மும்பையில் மறைந்தார்.