உடம்புக்குள்ளே ஓடும் கடிகாரம்: எம்.கே. சந்திரசேகரன்

வௌவால் குகைக்குள்ளே எப்பவும் கும்மிருட்டு. பகல் ஏது, இரவு ஏது? அப்படியிருந்தும் பொழுது சாய்ந்ததும் சொல்லி வைத்த மாதிரி வெளியே பறக்கிறதே, எப்படி? இந்த மாதிரிக் கேள்விகளுக்காகவே வாழ்ந்தவர் பேராசிரியர் எம்.கே. சந்திரசேகரன்.

1937-ல் பிறந்தார். முதலில் ஆராய்ந்தது கடற்கரை மணலில் புதைந்து வாழும் ஒரு குட்டி நண்டை. கடலை விட்டுப் பிரித்து வைத்தாலும் அது அலை ஏறி இறங்கும் கணக்கை மறக்கவில்லை. பிறகு ஜெர்மனி போய் பியூனிங் என்ற பெரிய விஞ்ஞானியிடம் வேலை பார்த்தார். 1970-களில் மதுரைப் பல்கலைக்கழகம் வந்து, விலங்குகளின் நடத்தையைப் படிக்கத் தனித் துறையே ஆரம்பித்தார். மதுரைப் பக்கத்துக் குகையில் கூண்டுக்குள் வைத்த வௌவால்கள், மற்ற வௌவால்கள் போய் வருவதை வைத்தே நேரம் தெரிந்துகொண்டன என்று 1981-ல் அவர் குழு காட்டியது. கடிகாரமோ ஜன்னலோ இல்லாத அறை கட்டி மனுசங்களையும் வாரக்கணக்கில் தங்க வைத்துப் பார்த்தார்!

ஆனால் எனக்குப் பிடித்தது எலி ஆராய்ச்சிதான். நம்ம வயல் வரப்பில் வளை தோண்டுமே, அந்தச் சின்ன எலி. பகல்-இரவு வித்தியாசம் தெரியாத இடத்தில் குட்டிகளை வைத்து, தாயை 12 மணி நேரம் கூட விட்டு, 12 மணி நேரம் பிரித்தார்கள். குட்டிகளுக்கு அம்மா இருக்கும் நேரம் பகலாகவும், இல்லாத நேரம் இரவாகவும் ஆகிவிட்டது. அம்மாதான் கடிகாரம்! மாணவர் விஸ்வநாதனோடு சேர்ந்து எழுதிய இந்தக் கட்டுரை 1985-ல் 'நேச்சர்' இதழில் வந்தது.

எலிக்குச் சொன்னதை அப்படியே குழந்தைக்குச் சொல்ல முடியாது. இருந்தாலும் கதை ரொம்ப தூரம் இல்லை. இருட்டினால் மூளையில் உள்ள பினியல் சுரப்பி மெலடோனின் என்ற ஹார்மோனைச் சுரக்கும். 1958-ல் ஆரோன் லெர்னர் மாட்டுச் சுரப்பியிலிருந்து பிரித்துக் கண்டுபிடித்தது இது. வயிற்றுக்குள் இருக்கும் வரை அம்மாவின் மெலடோனின்தான் நஞ்சுக்கொடி வழியே குழந்தைக்கும் போகிறது. பிறந்து சுமார் 3 மாதம் கழித்துத்தான் சொந்தக் கணக்கு ஓட ஆரம்பிக்கும். குறைமாசத்தில் பிறந்த குழந்தைக்கோ அம்மாவிடமிருந்து வருவது சீக்கிரமே நின்றுவிடுகிறது, சொந்தமாகச் சுரக்கவும் தாமதமாகிறது. இப்போது பல ஆஸ்பத்திரிகளில் இரவில் லைட்டைக் குறைத்து, இன்குபேட்டர் மேல் துணி போட்டு மூடுவது இதனால்தான். ராத்திரி சுரக்கும் தாய்ப்பாலில் மெலடோனின் இருக்கிறது, பகல் பாலில் இல்லவே இல்லை என்று சொல்லும் அளவுக்குக் குறைவு.

நம்ம திருப்பூரை நினைத்துப் பாருங்க. பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் முடித்து ஒன்பது மணிக்கு மேல் அம்மா வருவார். ஒரே ரூம் வீடு. டியூப் லைட் எரியும், டிவி ஓடும், சமையல் நடக்கும். அப்போதுதான் குழந்தை அம்மா முகத்தையே பார்க்கும். அது தூங்காமல் அழுதால் உரம் விழுந்திருக்கு என்று பாட்டி சொல்வார். பாவம், அந்தக் குழந்தைக்கு எது பகல்?

சந்திரசேகரன் பின்னாளில் பெங்களூரு ஜவஹர்லால் நேரு ஆய்வு மையத்துக்குப் போனார். 2009-ல் காலமானார்.