கடல் நீந்திய பாரிஸ்டர்

காஞ்சிபுரத்தை அடுத்த ஐயங்கார்குளத்தில், தாதாசாரியார் வெட்டுவித்த பெரிய ஏரிக்கரையிலே ஸஞ்சீவிராயர் கோயில் கொண்டிருக்கிறார். அலையோசை எட்டாத ஓர் உள்நாட்டுக் கிராமத்தில், தென் கடலைத் தாண்டிய அநுமனுக்கு இத்துணைப் பெரிய ஆலயம் எழுந்ததென்றால், அந்தச் செயல் நம் ஜனங்களின் உள்ளத்தில் எவ்வளவு ஆழப் பதிந்திருக்க வேண்டும்! ஆயினும், இதிகாசத்தில் கடல் தாண்டியவனைக் கைகூப்பித் தொழும் நாம், நம் காலத்தில் அதே கடலைத் தம் இரு கைகளால் நீந்திக் கடந்த ஒரு மனிதரை அறவே மறந்துவிட்டோம். அவர்தான் மிஹிர் ஸென். பிறப்பால் வங்காளி, தொழிலால் பாரிஸ்டர், செயலால் பாரத தேசம் முழுவதற்கும் உரியவர்.

1930-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் தேதி புருலியாவில் அவர் பிறந்தார். தந்தையார் வைத்தியர், ஆனால் ஏழை நோயாளிகளுக்கே சம்பாத்தியத்தைச் செலவிட்டவர். ஆகவே வீட்டில் செல்வம் சேரவில்லை. பிள்ளைக்கு நல்ல கல்வி வேண்டுமென்று குடும்பம் கட்டாக்குக்குக் குடிபெயர்ந்தது. தாயார் லீலாவதி பாலும் முட்டையும் விற்றுக் குடும்பத்தைத் தாங்கினார். அவ்வாறு வளர்ந்த பிள்ளை உத்கல் சர்வகலாசாலையில் சட்டம் பயின்று, பிஜு பட்நாயக்கின் உதவியால் 1950-இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறியது. கையில் இருந்தது ஒரு பெட்டி, பத்துப் பவுன் பணம், போவதற்கு மட்டும் ஒரு டிக்கெட். திரும்பி வருவதற்கு வழி அவரேதான் தேடிக்கொள்ள வேண்டும்.

லண்டனில் இரவில் ரயில்வே ஸ்டேஷனில் மூட்டை சுமந்தார். பின்னர் இந்திய ஹைகமிஷனர் காரியாலயத்தில் வேலை கிடைத்தது. லிங்கன்ஸ் இன்னில் சேர்ந்து பாரிஸ்டர் பட்டமும் பெற்றார். இவ்வளவும் உழைப்பாளியான எந்த இளைஞனும் செய்யக்கூடியதே. அவருடைய வாழ்வைத் திருப்பியது ஒரு பத்திரிகைக் கட்டுரை. அமெரிக்கப் பெண்மணியான பிளாரன்ஸ் சாட்விக் 1950-இல் இங்கிலீஷ் கால்வாயை நீந்திக் கடந்த வரலாற்றை அதில் அவர் படித்தார். ஒரு பெண் செய்ததை, புதிதாக விடுதலை பெற்ற ஒரு தேசத்தின் இளைஞன் ஏன் செய்யக்கூடாது என்ற எண்ணம் அவரைப் பற்றிக்கொண்டது. இந்தியர் கோழைகளென்ற ஏளனத்தைத் துடைப்பதும், நம் இளைஞருக்குச் சாகஸத்தில் ருசி உண்டாக்குவதும் தம் கடமையென்று அவர் கருதினார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அப்பொழுது அவருக்கு நீச்சலில் தேர்ச்சி கிடையாது! பந்தய நீச்சல் முறையை ஒய்.எம்.சி.ஏ. குளத்தில் முதற்பாடத்திலிருந்து அவர் கற்க வேண்டியிருந்தது.

இங்கிலீஷ் கால்வாய் குறுகிய இடத்தில் 21 மைல் அகலமுள்ளது. ஆனால் நீந்துகிறவன் 21 மைலோடு கரை சேர்வதில்லை. ஆறு மணிக்கொருமுறை திசை மாறும் நீரோட்டம் அவனைப் பக்கவாட்டில் இழுத்துச் சென்று தூரத்தைக் கூட்டிவிடுகிறது. கோடை முடிவிலும் நீர் நம்மூர் மார்கழிக் கிணற்றைவிடக் குளிர்ந்தது. உடம்பில் கொழுப்பைப் பூசிக்கொள்ளலாமே தவிர, குளிர் காக்கும் உடை அணிய விதி இடங்கொடாது. துணைப் படகிலிருந்து ஆகாரம் நீட்டுவார்கள். படகை ஒரு விரலால் தொட்டாலும் முயற்சி தள்ளுபடி. இத்தகைய நீரில் ஸென் ஒருமுறையல்ல, பலமுறை தோற்றார். ஒவ்வொரு தோல்வியும் பணத்தையும் தின்றது, தேகபலத்தையும் தின்றது. ஆயினும் அவர் விட்டாரில்லை. 1958-ஆம் ஆண்டு செப்டம்பர் 27-ஆம் தேதி டோவரிலிருந்து புறப்பட்டு 14 மணி 45 நிமிஷத்தில் பிரெஞ்சுக் கரையை அடைந்தார். அதற்கு ஒரு மாதம் முன்னே கிழக்கு வங்காளத்தவரான பிரோஜன் தாஸ் அக்கால்வாயைக் கடந்து ஆசியாவுக்குப் பெருமை தேடியிருந்தார்; இந்தியருள் முதல்வர் ஸென். மறு வருஷமே ஆரதி ஸாஹா என்னும் கல்கத்தாப் பெண் அதைக் கடந்து, ஆசியப் பெண்களில் முதல்வரானார். ஒருவர் திறந்த வழியிலே பிறர் நடப்பது இப்படித்தான்.

தாய்நாடு திரும்பிய வீரருக்கு 1959-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. ஆனால் சுதந்திரம் வந்து பத்து வருஷத்துக்கு மேலாகியும், வெள்ளையருக்கு மட்டுமே இடம் என்ற விதியைக் காட்டி ஒரு கிளப்பில் அவருக்கு அனுமதி மறுக்கப்பட்டது. குளிர்ந்த கடல் திறந்துவிட்ட வழியை, சொந்த தேசத்துக் கிளப் மூடிற்று! அவர் அவமானத்தை விழுங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடவில்லை. பத்திரிகைகள் மூலம் கிளர்ச்சி செய்து, வெள்ளையர் கால வழக்கங்களைக் கட்டிக்கொண்டிருந்த கிளப்புகளின் கதவு இந்தியருக்குத் திறக்க வேண்டுமென்று போராடினார்.

தமிழர் அவரை முக்கியமாக நினைக்க வேண்டிய வருஷம் 1966. அவ்வருஷம் ஏப்ரல் 5-ஆம் தேதி தலைமன்னாரில் அவர் பாக் ஜலசந்தியில் இறங்கினார். கடற்படைக் கப்பல்களின் துணைக்கு வேண்டிய பெருந்தொகைக்காகப் பல கதவுகளைத் தட்டிய பிறகே இது கைகூடிற்று. சுறாவும் நச்சுப் பாம்பும் திரியும் நீர். இடையே ஓர் இரவு முழுவதும் இருள். 25 மணி நேரத்துக்கு மேல் நீந்தி மறுநாள் தனுஷ்கோடியில் கரையேறினார். 1964 டிசம்பர்ப் புயலில் அழிந்து, ரயிலும் ஜனங்களும் அற்றுக் கிடந்த அக்கரையில், கடலிடம் தோற்ற ஊரிலே கடலை வென்ற மனிதர் வந்து நின்றார்.

அத்துடன் அவர் ஓயவில்லை. ஆகஸ்டு 24-ஆம் தேதி ஜிப்ரால்டர் ஜலசந்தியை 8 மணி 1 நிமிஷத்திலும், செப்டம்பர் 12-ஆம் தேதி டார்டனெல்ஸை 13 மணி 55 நிமிஷத்திலும், அதே மாதத்தில் பாஸ்பரஸை 4 மணியிலும் கடந்தார். அக்டோபர் இறுதியில் பனாமாக் கால்வாயை அதன் நீளம் முழுவதும் 34 மணி 15 நிமிஷத்தில் நீந்தி முடித்தார். இவையனைத்தும் ஒரே வருஷத்தில்! அடுத்த ஆண்டு சர்க்கார் அவருக்குப் பத்மபூஷண் அளித்தது.

பாக் ஜலசந்தியில் அவருக்கு முன்னும் பின்னும் தமிழர் இருந்தனர் என்பதையும் குறிப்பிட வேண்டும். 1954-இல் இலங்கைத் தமிழரான நவரத்தினசாமி வல்வெட்டித்துறையிலிருந்து கோடியக்கரைக்கு நீந்தினார். 1971-இல் ஆழிக்குமரன் ஆனந்தன் போகவும் வரவும் நீந்தினார். அவரும் ஸென்னைப் போலவே சட்டம் பயின்றவர். 1984-இல் இங்கிலீஷ் கால்வாயிலே உயிர்நீத்தார்.

ஸென்னின் முடிவு கடலில் நேரவில்லை, கரையில் நேர்ந்தது. பட்டு ஏற்றுமதி வியாபாரம் செழித்து, பின் நொடித்தது. அரசியலில் இறங்கியதும் பலிக்கவில்லை. இறுதியாண்டுகளில் ஞாபகசக்தியைத் தின்னும் நோய் அவரைப் பற்றிற்று. தாம் கடந்த கடல்களை அவர் மறந்தார். அவரைத் தேசம் மறந்தது. நோய் அவர் செய்த பிழையன்று. நம் மறதிக்கு அந்தச் சமாதானமும் கிடையாது. 1997-ஆம் வருஷம் ஜூன் 11-ஆம் தேதி, 66-ஆம் வயதில், கல்கத்தாவில் அவர் காலமானார்.

வீரரை நினைப்பதென்றால் சிலை எடுப்பதும் மாலை போடுவதுமே என்று நாம் பழகிவிட்டோம். நீச்சல் தெரியாத வாலிபர் கடலை வென்றது பிறவி வரத்தாலன்று. பயிற்சியாலும் பிடிவாதத்தாலும் என்பதே இவ்வாழ்க்கை கற்பிக்கும் பாடம். இதைக் கேட்டு மகிழ்ந்துவிட்டுப் போகலாகாது. ஏரியும் குளமும் நிறைந்த நம் ஜில்லாக்களில் ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் சிறுவர் நீரில் மூழ்கி மாண்ட செய்தி வருகிறது. முன்னோர் ஏரிக்குச் சமுத்திரமென்றே பெயரிட்டார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளோ மார்பளவு நீருக்கு அஞ்சுகிறார்கள், அல்லது அஞ்சாமல் இறங்கி அழிகிறார்கள். ஊர்ப் பஞ்சாயத்தும் பள்ளிக்கூடமும் சேர்ந்து குளத்தைத் தூர் வாரி, நீச்சல் தெரிந்த பெரியவர் ஒருவரைக் கரையில் நிறுத்தி, ஆணும் பெண்ணுமாகப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல எவ்வளவு செலவாகிவிடும்? கடலைக் கடப்பவன் லட்சத்தில் ஒருவனாக இருக்கலாம்; தண்ணீரில் தன்னையும் தோழனையும் காத்துக்கொள்ளும் திறமையோ ஒவ்வொரு பிள்ளைக்கும் உரியது. இதைச் செய்யும் ஊரே மிஹிர் ஸென்னை மறவாத ஊர்.