26 நாட்கள்!

துப்பாக்கிகளின் எதிரே நிறுத்தப்பட்டு உயிர் மீண்டவர் அவர். ஜார் மன்னனின் சிறையைக் கண்டவர். சைபீரியப் பனியில் 4 ஆண்டுகள் விலங்கு பூண்டு உழைத்தவர். அப்படிப்பட்டவரை ஒரு காகிதம் கதிகலங்க வைத்தது! ஒரே ஒரு காகிதம்! அவரே கையெழுத்திட்டுக் கொடுத்த ஒப்பந்தக் காகிதம்!

அவர்தான் ரஷ்ய நாட்டின் நாவலாசிரியர் தஸ்தயேவ்ஸ்கி. 1849ஆம் ஆண்டு டிசம்பர் திங்களில், சுடுவதற்கு நிறுத்தி, கடைசி நொடியில் தண்டனையை மாற்றினார்களே, அந்த தஸ்தயேவ்ஸ்கி.

தோழர்களே! எழுத்தாளன் என்றால் தனியறை வேண்டும், அமைதி வேண்டும், பெண்டாட்டி பிள்ளைகளின் தொல்லை கூடாது என்று பேசுவோர் உண்டு. குடும்பம் என்பது பேனாவுக்குப் பூட்டிய விலங்கு என்பர். அந்தப் பேச்சு எவ்வளவு பொய் என்பதை எடுத்துக்காட்டும் வாழ்க்கை இது. அதற்காக இதனை இனிப்பான கதை என்று எண்ணிவிடாதீர்கள். இதில் கடன் உண்டு, அடகு உண்டு, இரண்டு சிறு சவப்பெட்டிகளும் உண்டு.

1864ஆம் ஆண்டு அவருக்கு இடிமேல் இடி. முதல் மனைவி மறைந்தார். மூன்றே மாதத்தில் அண்ணன் மிகையிலும் மறைந்தார். அண்ணன் நடத்திய ஏட்டின் கடன் தம்பியின் தலையில் விழுந்தது. அண்ணன் மனைவியையும் மக்களையும் காக்கும் பொறுப்பும் வந்தது. முதல் மனைவியின் மகனும் இவரை நம்பியே இருந்தான். அடுத்த ஆண்டே ஏடும் நின்றது. கடன்காரர்கள் கதவைத் தட்டினர். சிறைக்கு அனுப்புவோம் என்று மிரட்டினர்.

அந்த நேரம் பார்த்து வந்தார் பதிப்பாளர் ஸ்டெல்லோவ்ஸ்கி. 3000 ரூபிள் தருகிறேன் என்றார். எதற்கு? அதுவரை எழுதியவற்றைத் தொகுத்து வெளியிடும் உரிமைக்கு. அதோடு புதிய நாவல் ஒன்றும் வேண்டும். 1866 நவம்பர் முதல் நாளுக்குள் வேண்டும். தவறினால்? அடுத்த 9 ஆண்டுகள் தஸ்தயேவ்ஸ்கி எதை எழுதினாலும் அது ஸ்டெல்லோவ்ஸ்கிக்கே சொந்தம். எழுதியவருக்கு ஒரு காசும் இல்லை!

பண்ணை அடிமை முறையை ரஷ்யாவில் 1861லேயே ஒழித்துவிட்டார்கள் என்று ஏட்டில் படிக்கிறோம். நான்கே ஆண்டு கழித்து, ஒரு மனிதனின் மூளையை 9 ஆண்டுக்குக் குத்தகை எடுக்கப் பார்த்தது பணம்! கடனுக்காக எழுதிக் கொடுத்த புரோநோட்டுகளை ஸ்டெல்லோவ்ஸ்கியே ஆள் வைத்து மலிவாக வாங்கி வைத்திருந்தார் என்றும், வலக்கையால் கொடுத்த பணம் இடக்கைக்கே திரும்பிற்று என்றும் பின்னாளில் தஸ்தயேவ்ஸ்கியின் இரண்டாம் மனைவி தம் நினைவுக் குறிப்புகளில் எழுதினார்.

1866 பிறந்தது. ‘குற்றமும் தண்டனையும்’ மாத ஏட்டில் வந்துகொண்டிருந்தது. மாதந்தோறும் பக்கம் கொடுத்தாக வேண்டும். ஸ்டெல்லோவ்ஸ்கிக்குத் தரவேண்டிய நாவலிலோ செப்டம்பர் முடியும்வரை ஒரு வரிகூட இல்லை! நண்பர்கள் இரங்கினர். ஆளுக்கு ஓர் அத்தியாயமாக எழுதித் தருகிறோம், உன் பெயரைப் போட்டுக்கொள் என்றனர். மறுத்தார்! பிறர் உழைப்பில் என் பெயரா என்று மறுத்தார். அதன்பின்தான் சுருக்கெழுத்து தெரிந்தவரை வைத்துக்கொள் என்ற யோசனை பிறந்தது.

அக்டோபர் 4ஆம் நாள், ரஷ்யாவின் அந்நாளைய நாட்காட்டிப்படி, ஓர் இளம்பெண் அவர் வீட்டுக்கு வந்தார். பெயர் அன்னா. வயது 20. தந்தையை இழந்தவர். சொந்தக் காலில் நிற்க வேண்டும் என்று சுருக்கெழுத்து கற்றவர். கூலி 50 ரூபிள். பெண் வேலைக்குப் போவதே புதுமையாய் இருந்த காலம் அது!

இரவில் அவர் குறிப்பெழுதுவார். பகலில் சொல்லச் சொல்ல அன்னா சுருக்கெழுத்தில் எடுப்பார். வீட்டுக்குப் போய் இரவெல்லாம் அதைத் தெளிவாக எழுதுவார், மறுநாள் கொண்டுவருவார். 26 நாட்கள்! அக்டோபர் 29ஆம் நாள் ‘சூதாடி’ முடிந்தது.

வென்றாகிவிட்டதா? பணத்தின் சூழ்ச்சி அவ்வளவு எளிதில் விடுமா? நவம்பர் முதல் நாள் கட்டுடன் போனால் ஸ்டெல்லோவ்ஸ்கி ஊரில் இல்லை. அலுவலகத்தார் வாங்க மறுத்தனர். கெடு தவறட்டும் என்பதே எண்ணம். ஆனால் இப்படி நடக்கலாம் என்று அன்னா முன்பே வழக்கறிஞரிடம் கேட்டு வைத்திருந்தார். காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்கலாம் என்பதே கிடைத்த வழி. அன்றிரவு காவல் நிலையத்தில் ரசீது எழுதப்பட்டது. 9 ஆண்டு அடிமைத்தனம் ஒரு துண்டுச் சீட்டில் அறுந்தது!

1867 பிப்ரவரியில் இருவரும் மணந்தனர். அவருக்கு வயது 45. உறவினர் கூட்டமும் கடன்காரர் கூட்டமும் வீட்டை மொய்த்தன. அன்னா தம் சீதனப் பொருள்களை அடகு வைத்துக் கணவரை வெளிநாட்டுக்கு அழைத்துச் சென்றார். சில மாதப் பயணம் என்று கிளம்பியது 4 ஆண்டுகள் நீண்டது.

குறையை மறைக்கலாமா? கூடாது. சூதாடியைப் பற்றி எழுதியவர் தாமே சூதாடினார். பேடன் நகரத்தில் மனைவியின் காதணி போயிற்று, மணமோதிரம் போயிற்று, உடுத்தும் துணியும் அடகுக்குப் போயிற்று. அப்போது அன்னா கருவுற்றிருந்தார். மேதை என்பதால் இந்தக் கணக்கைத் தள்ளுபடி செய்ய நாம் யார்? 1871இல்தான் அந்தப் பித்து அவரைவிட்டு ஒழிந்தது.

ஜெனீவாவில் 1868இல் முதல் மகள் சோபியா பிறந்தாள். அவர் அப்போது ‘அசடன்’ எழுதிக்கொண்டிருந்தார். மூன்றே மாதத்தில் குழந்தை நுரையீரல் அழற்சியால் இறந்தது. ஏட்டுக்கு முன்பணம் வாங்கியாகிவிட்டது. அடுத்த மாதப் பகுதி போயாக வேண்டும். பிள்ளையைப் புதைத்த கையால் பேனாவை எடுத்தார். காலையில் பிள்ளையை மண்ணில் வைத்துவிட்டு, மாலையில் ஆலைச் சங்கு கேட்டு ஓடும் தொழிலாளத் தோழனே! இந்த வலியை உனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

1871இல் நாடு திரும்பினர். கடன்காரர்கள் காத்திருந்தனர். இம்முறை எதிரே நின்றவர் அன்னா. சிறைக்கு அனுப்புவேன் என்ற ஒருவரிடம் அவர் சொன்ன கணக்கு எளிது: வீடு என் பெயரில் வாடகைக்கு எடுத்தது, சாமான்கள் தவணைக்கு வாங்கியவை. சிறையில் அவரது சோற்றுச் செலவைச் சட்டப்படி நீங்களே கட்டவேண்டும். கடனில் ஒரு காசும் தேறாது! மிரட்ட வந்தவர் தவணைக்கு ஒப்புக்கொண்டார்.

அடுத்து அவர் எடுத்த முடிவுதான் பெரிது. பதிப்பாளர் வாசலில் கையேந்துவது ஏன்? நாமே அச்சிடுவோம்! காகிதம் என்ன விலை, அச்சுக்கூலி எவ்வளவு, கடைக்காரருக்குக் கழிவு எத்தனை என்று கடை கடையாய் விசாரித்தார். புரூப் பார்த்தார். 1873இல் ‘பேய்கள்’ நாவலை 3500 படிகள் அச்சிட்டு வீட்டிலிருந்தே விற்றார். அந்த ஆண்டு முடிவதற்குள் 3000 படிகள் விற்றன! அதிலிருந்து அந்த வீடே பதிப்பகம். அவர் இரவில் எழுத, அன்னா பிள்ளைகளை வளர்த்தார், சுருக்கெழுத்தெடுத்தார், கணக்கெழுதினார்.

1878 மே திங்களில் மூன்று வயதும் நிரம்பாத மகன் அலெக்ஸி இறந்தான். காக்காய் வலிப்பு, தந்தையை வாழ்நாளெல்லாம் வாட்டிய அதே நோய். தகப்பன் அழுதார், பிறகு எழுதினார். ‘கரமசோவ் சகோதரர்கள்’ 1879 தொடக்கத்தில் வரத் தொடங்கிற்று. அதன் நாயகனுக்கு இறந்த மகனின் பெயரையே வைத்தார். நூலை அன்னாவுக்குக் காணிக்கையாக்கினார். அண்ணன் விட்டுச்சென்ற கடன் முழுவதும் தீர்ந்தது, அவர் இறப்பதற்கு ஏறத்தாழ ஓராண்டு முன்புதான்! 1881 தொடக்கத்தில் அவர் மறைந்தார். அன்னாவுக்கு வயது 34. மறுமணம் செய்துகொள்ளவில்லை. கணவர் நூல்களைத் தொகுத்துப் பதிப்பித்தபடியே வாழ்ந்து 1918இல் மறைந்தார்.

நாவலின் அட்டையில் ஒரே பெயர்தான் இருக்கிறது. அந்தப் பெயருக்குப் பின்னால் 50 ரூபிள் கூலிக்கு வந்த ஓர் உழைப்பாளி இருக்கிறார். வேலைக்கு வந்த வரை கூலி கிடைத்தது. மனைவியான பின் அதே வேலைக்குக் கூலி இல்லை! ஆயினும் பிறர் எழுதியதில் என் பெயரா என்று மறுத்த அந்த மனிதர், கடைசிப் பெருநூலின் முதல் பக்கத்தில் அவள் பெயரைப் பொறித்தார். கடனை உணர்ந்தவர் செய்த செயல் அது.

தோழர்களே! சுவரொட்டி ஒட்டிவிட்டு நள்ளிரவில் திரும்புகிறோம். இரவு வேலை முடித்து விடியலில் திரும்புகிறோம். கதவைத் திறப்பது யார்? சோற்றை மூடி வைத்திருப்பது யார்? நம் சட்டைப் பையில் இல்லாத காசைக் கொண்டு மாதத்தை ஓட்டுவது யார்? நாம் நாவல் எழுதவில்லை. காணிக்கைப் பக்கமும் நமக்கில்லை. நாக்கு இருக்கிறதே! இது உன் உழைப்பு என்று அவளிடம் சொல்ல, அது போதும். இன்றிரவே சொல்லுங்கள்!