பாக்பஜார் தெருவில் சகோதரி நிவேதிதை

1898-ஆம் ஆண்டு ஏப்ரல் இறுதியில் கல்கத்தாவில் பிளேக் நோய் பரவுவதாகச் செய்தி வெளியானபோது, நோயைவிட அச்சமே மக்களை அதிகம் வாட்டியது. அரசாங்கம் நோயாளிகளைப் பலவந்தமாகப் பிரித்துக்கொண்டு போய்விடும், தடுப்பூசியைக் கட்டாயமாகப் போட்டுவிடும் என்றெல்லாம் வதந்திகள் எழுந்தன. மக்கள் கூட்டம் கூட்டமாக ஊரைவிட்டு ஓடினர். டார்ஜிலிங்கில் ஓய்விலிருந்த சுவாமி விவேகானந்தர் இதையறிந்து உடனே திரும்பி வந்தார். வீட்டையும் படுக்கையையும் சாக்கடையையும் தூய்மையாக வைத்திருக்கவும், கெட்டுப்போன உணவை விலக்கவும், வதந்திகளைக் கேட்டு மனம் தளராதிருக்கவும் மக்களை வேண்டும் அறிக்கை ஒன்றை வெளியிடச் செய்தார். தேவையானால் மடத்திற்காக வாங்கிய நிலத்தையே விற்றுவிடவும் அவர் சித்தமாக இருந்தார்.

மறு ஆண்டு நோய் மீண்டும் தலைகாட்டியது. ராமகிருஷ்ண மிஷன் அமைத்த சேவைக் குழுவின் செயலாளர் பொறுப்பு சகோதரி நிவேதிதையிடம் வந்தது. அப்போது அவருக்கு வயது 31.

1867-இல் அயர்லாந்தில் பிறந்த மார்கரெட் நோபிள், ஏழைகளுக்குத் தொண்டு செய்த பாதிரியார் ஒருவரின் மகள். தாமும் இளம் ஆசிரியையாக ரெக்ஸ்ஹாம் என்ற சுரங்க ஊரில் ஏழைகளின் வீடுகளுக்குச் சென்று வந்தவர். குழந்தை ஏற்கெனவே அறிந்ததிலிருந்துதான் பாடத்தைத் தொடங்க வேண்டும் என்ற புதிய கல்விமுறையில் ஊறியவர். கல்கத்தாவில் அவர் ஆற்றிய நோய்த் தடுப்புப் பணியிலும் இந்த ஆசிரியையையே காண்கிறோம்.

1898 நவம்பர் முதல் அவர் பாக்பஜாரின் போஸ்பாரா சந்தில் பள்ளி நடத்தி வந்தார். அண்டை வீட்டுப் பெண்கள் நாள்தோறும் தரையைக் கழுவுவதையும், பாத்திரங்களைத் துலக்குவதையும், நீராடிய பின்னரே சமைப்பதையும் அவர் அருகிலிருந்து கண்டவர். தூய்மை அம்மக்களுக்குப் புதிய பாடமன்று. அது வாசற்படியோடு நின்றுவிட்டது, அவ்வளவே. சந்தும் சாக்கடையும் யாருக்கும் சொந்தமில்லாமல் கிடந்தன.

மார்ச் 31-ஆம் நாள் பாக்பஜார், ஷியாம்பஜார் சேரிகளில் பணி தொடங்கியது. சுவாமி சதானந்தர் துப்புரவுத் தொழிலாளர்களுடன் குப்பை மேடுகளை அகற்றினார். நிவேதிதை பத்திரிகைகள் வாயிலாக நிதி திரட்டினார். ஒருநாள் தெருவைச் சுத்தம் செய்ய ஆள் கிடைக்கவில்லை. அவரே துடைப்பத்தை எடுத்துப் பெருக்கத் தொடங்கினார். அதைக் கண்டு வெட்கமுற்ற அப்பகுதி இளைஞர்கள் துடைப்பத்தைத் தாங்கள் வாங்கிக்கொண்டனர். உயர்குலத்துப் பிள்ளைகள் தெருப் பெருக்குவது அக்காலத்தில் எத்தகைய செய்தி என்பதை வாசகர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

ஏப்ரலில் கிளாசிக் தியேட்டரில் சுவாமிஜியின் தலைமையில் பிளேக்கும் மாணவர் கடமையும் பற்றி நிவேதிதை உரையாற்றினார். ஏறத்தாழ 15 மாணவர்கள் முன்வந்தனர். வீடு வீடாகச் சென்று சுகாதாரத் துண்டறிக்கைகளைக் கொடுத்து விளக்குவது அவர்கள் பணி. ஞாயிறுதோறும் கூடித் தாங்கள் செய்ததைக் கூறுவார்கள். வெள்ளைக்கார அதிகாரியைக் கண்டால் கதவடைத்த வீடுகளில், பக்கத்துத் தெருப் பிள்ளை சொன்னால் கேட்பார்கள் அல்லவா?

டாக்டர் ராதாகோவிந்த கர் (பிற்காலத்தில் ஒரு மருத்துவக் கல்லூரியே இவர் பெயரைத் தாங்கியது) ஒரு நண்பகல் வீடு திரும்பியபோது, வாசலில் நிவேதிதை காத்திருந்தார். அன்று காலை டாக்டர் பார்த்த சேரிக் குழந்தை எப்படி இருக்கிறது என்று அறியவே வந்திருந்தார். நோய் கடுமையானது, எச்சரிக்கை தேவை என்று டாக்டர் கூறினார். மாலையில் மீண்டும் அங்கே சென்றால், ஈரம் கசியும் குடிசையில் அக்குழந்தை நிவேதிதையின் மடியில் கிடந்தது. தம் வீட்டை மறந்து இரவும் பகலும் அங்கேயே இருந்தார். குடிசைக்கு வெள்ளையடிக்க வேண்டியிருந்தபோது சிறு ஏணியில் ஏறித் தாமே அடித்தார். இரண்டு நாட்களுக்குப் பின் குழந்தை அவர் மடியிலேயே உயிர்நீத்தது. இன்னொரு நோயாளியின் மருந்துச் செலவுக்காகத் தாம் அருந்தும் பாலையே அவர் நிறுத்திவிட்டதையும் டாக்டர் பதிவு செய்திருக்கிறார்.

அந்த மடியையே நாம் பெரிதும் நினைவுகூர்கிறோம், அது இயல்பே. ஆனால் குழந்தையை இழந்த துயரோடு அவர் திரும்பியதும் அதே சந்துகளுக்குத்தான். அங்கே மாணவர்கள் அடுத்த ஞாயிறன்று கூற வேண்டிய கணக்குக்காக வீடு வீடாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஜூன் 20-ஆம் நாள் சுவாமிஜியுடன் மேலைநாட்டிற்குக் கப்பலேறும் வரை நிவேதிதையின் இருப்பிடம் பாக்பஜாராகவே இருந்தது.