அறிஞர் பக்லண்டும் செந்நிற எலும்புக்கூடும்

எலும்பு பொய் சொல்லாது. அதைப் படிக்கும் கண்தான் சில வேளைகளில் தவறிவிடும். இதற்கு அறிஞர் வில்லியம் பக்லண்டின் வாழ்க்கை நல்லதொரு சான்றாகும்.

இங்கிலாந்தில் டெவன் பகுதியிலுள்ள ஆக்ஸ்மின்ஸ்டர் என்னும் ஊரில், 1784ஆம் ஆண்டு, பாதிரியார் ஒருவரின் மகனாகப் பக்லண்ட் பிறந்தார். தந்தையாருடன் நடந்து சென்று பாறைகளில் பதிந்த சிப்பிகளைப் பொறுக்கிய அச்சிறுவனே, பின்னாளில் ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்தில் நிலவியல் கற்பிக்கும் ஆசிரியரானார். கிர்க்டேல் குகையில் 1821இல் கிடைத்த எலும்புகளை ஆராய்ந்து, அக்குகை ஒரு காலத்தில் கழுதைப்புலிகளின் உறைவிடமாயிருந்தது என நிறுவினார். அதற்காக 1822இல் ராயல் சொசைட்டியின் காப்ளி பதக்கம் பெற்றார்.

1823 சனவரியில், தென் வேல்சில் கடலை நோக்கி நிற்கும் பாவிலாந்துக் குகையைத் தோண்டினார். அங்கே தலையற்ற மனித எலும்புக்கூடு ஒன்று கிடைத்தது. எலும்புகள் முழுவதும் செங்காவி படிந்திருந்தது. அருகே தந்தத்தாலான கோல்களும் வளையத் துண்டுகளும் சிறு சிப்பிகளும் இருந்தன. பக்கத்திலேயே, மறைந்துபோன மாமத யானையின் மண்டையோடும் கிடந்தது.

காட்சி தெளிவு, முடிவோ பிழை. அழிந்த விலங்குகள் வாழ்ந்த காலத்தில் அந்நாட்டில் மனிதன் இருந்திருக்க முடியாது என்று அவர் முன்னமே நம்பியிருந்தார். ஆகவே, அது ரோமானியர் காலத்துப் பெண்ணின் உடல் என்று எழுதிவிட்டார். விடையை முதலில் எழுதிவிட்டுக் கணக்கைப் பின்னால் போடும் மாணவனின் நிலைதான் அது!

பக்லண்ட் பிடிவாதக்காரர் அல்லர். உலகப் பெருவெள்ளம் பற்றிய தம் கொள்கையை அவரே கைவிட்டு, 1840இல் பனியாறுகளின் செயலை ஏற்றுக்கொண்டார். ஆனால் 1856இல் அவர் மறைந்தபோதும் பாவிலாந்துப் பிழை திருத்தப்படாமலே இருந்தது. 1912இல் அதே ஆக்ஸ்போர்டின் பேராசிரியர் சொல்லாஸ் அக்குகையை மீண்டும் தோண்டி, அது பழைய கற்காலத்து ஆணின் உடல் என்று காட்டினார். ஏறத்தாழ 33,000 ஆண்டுகளுக்கு முற்பட்டது என்பது இன்றைய கணிப்பு. மேற்கு ஐரோப்பாவில் அறியப்பட்ட மிகத் தொன்மையான சடங்குப் புதைப்புகளுள் அதுவும் ஒன்று.

எழுத்தும் ஏரும் அறியாத அம்மக்கள், இறந்த இளைஞனைக் காவியும் தந்தமும் சிப்பியும் சேர்த்து வழியனுப்பினர். அந்த அன்பின் அடையாளங்களைக் கண்டதைக் கண்டபடி குறித்து வைத்தவர் பக்லண்ட். அக்குறிப்பே அவருடைய பிழையைப் பின்வந்தோர் திருத்தத் துணையாயிற்று. கண்டதை மறைக்காமல் எழுதுவோம். முடிவு பிழையானாலும் நாளை ஒருவர் திருத்துவார்.